இரத்தம் குறைந்தவர்கள் மட்டும்

தேயிலைத் தோட்டத்திலிருந்து உக்குவளைக்கு இறங்கும் காலை பஸ்ஸில் செல்வமணி அக்கா ஏறியபோது அவர் கையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருந்தது. சமையல் எண்ணெய் வந்த கேன். மூடியின் மேல் பொலித்தீன் தாளைச் சுற்றி இறப்பர் பட்டி போட்டிருந்தார். உட்கார்ந்ததும் கைக்குழந்தையைப்போல அதை மடியில் வைத்துக்கொண்டார்.

கொண்டக்டர் பார்த்தார். அந்தப் பாதையில் கேனோடு ஏறுகிறவர்கள் மீது கொண்டக்டர்களுக்கு ஒரு கண் உண்டு. கள்ளச்சாராயம் அப்படித்தான் பயணம் போகும்.

"என்னா அக்கே, கசிப்பா?"

"மருந்துங்க தம்பி."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க."

அவர் கேனை வாங்கி, இறப்பர் பட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து, குனிந்து முகர்ந்தார். நிமிர்வதற்குச் சற்று நேரமானது. பிறகு மூடியை இறுக்கி, பொலித்தீன் தாளைப் பழையபடி சுற்றி, பட்டியையும் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு மரியாதையாக ஒரு கொண்டக்டர் எதையும் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"இது… ஒங்களுதா?"

"என்னோடதும் இருக்கு. எங்க லயத்து ஆளுங்களோடதும் இருக்கு. எல்லாரும் சுத்தமா ரத்தம் இல்லாதவங்க" என்றார் செல்வமணி அக்கா. குரலில் பெருமை இருந்தது.

உக்குவளை வரும்வரை கொண்டக்டர் மிதிபலகையிலேயே நின்றார். நான் பின் இருக்கையில் இருந்தேன். பெட்ரோலுக்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. என் மோட்டார் சைக்கிள் வீட்டில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. செல்வமணி அக்கா இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். பிரதேச நிருபராக இருந்தவனுக்கு வேறு வழி இல்லை. கேன் போன திசையில் போனேன். அது நிஸார் நானாவின் எண்ணெய்க் கொட்டிலுக்குள் போனது.

நிறையப் போட்டுக் கொஞ்சம் எடுப்பது

நிஸார் நானாவின் தொழில் கராம்பு இலையிலிருந்து எண்ணெய் வடிப்பது. பெரிய பானையில் இலைகளை அமுக்கி நிரப்பி, கீழே நெருப்பு மூட்டுவார். இலையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் ஆவி, குளிர்ந்த தண்ணீரில் மூழ்கியிருக்கும் குழாய்க்குள் போய், மறுபக்கம் சொட்டுச் சொட்டாக விழும். லொறி நிறைய இலை உள்ளே போனால் ஒரு வாளிகூட நிரம்பாது. பல்வலிக்காரர்கள் போத்தலோடு வருவார்கள். ஏற்றுமதிக்காரர்கள் கலனோடு வருவார்கள்.

அவருடைய மனைவி ஹபீபா டீச்சர். உக்குவளைத் தமிழ்ப் பாடசாலையில் பல வருடங்கள் படிப்பித்தவர். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அவர் கையால்தான் எழுத்து வந்தது. செல்வமணி அக்காவின் மகளுக்கும் அப்படித்தான். டீச்சரின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரத்தில் சில நாள் வைத்தியசாலைக்குப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க அவர் தயார். சோதனைகளும் பொருந்தியிருந்தன. இடையில் நின்றது ஒரே ஒரு விஷயம்: டீச்சரின் உடம்பில் இரத்தம் இல்லை. அதற்கு ஓர் ஊசி உண்டு. அந்த ஊசி அப்போது எந்த வைத்தியசாலையிலும் இல்லை, எந்த மருந்துக் கடையிலும் இல்லை.

ஊசி இல்லாவிட்டால் இன்னொருவரின் இரத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால், அந்நிய இரத்தத்தோடு சண்டை பிடிக்கப் பழகும் உடம்பு, நாளைக்குத் தம்பியின் சிறுநீரகத்தையும் வேண்டாம் என்று தள்ளிவிடக்கூடும். இதை ஓர் இளம் பெண் டொக்டர் நானாவுக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறார்.

"கிட்னி சுத்தம் மட்டும் செய்யிறதில்ல. ரத்தம் குறைஞ்சா, 'இன்னும் செய்'ன்னு எலும்புக்குள்ள இருக்கிற மச்சைக்குச் சொல்லியனுப்புற ஒரு ஓமோனையும் அதுதான் சுரக்குது. டீச்சரோட கிட்னிக்கு அந்தக் குரல் போயிருச்சு. ஊசியில குடுக்கிறது அந்தக் குரலைத்தான்."

"அந்தக் குரல எங்கிருந்து டொக்டர் எடுக்கிற?"

டொக்டர் சிரித்துக்கொண்டே பழைய கதையைச் சொன்னாராம். முதன்முதலில் ஜப்பானிய, வெள்ளைக்கார விஞ்ஞானிகள் அதை எடுத்தது கடுமையான இரத்தசோகை நோயாளிகளின் சிறுநீரிலிருந்து. மச்சை வேலை செய்யாது. சிறுநீரகம் விடாமல் கத்தும். கத்திய ஓமோன் நிரம்பி வழிந்து சிறுநீரோடு வெளியேறும். ஏராளமாகச் சேர்த்து, வடித்து, கடைசியில் துளியளவு எடுத்தார்கள்.

டொக்டர் அதற்குப் பிறகும் பேசியிருக்கிறார். நானா கேட்டது அதுவரைதான். நிறையப் போட்டு, வடித்து, கொஞ்சம் எடுப்பது. வாலிப வயதிலிருந்து அவர் செய்துவரும் வேலை.

"தம்பி, இது நம்மட லைன்" என்றார் என்னிடம், கொட்டில் வாசலில் கேனை வாங்கி நிழலில் வைத்துக்கொண்டே. "இந்த வெள்ளக்காரன் ஜப்பான்காரன்ட்ட இல்லாத ஒண்டு எங்கிட்ட ஈக்கி. பானை."

அச்சில் ஏறாத சொல்

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம். நான் நிருபராகச் சேர்ந்த புதிதில், தலைநகரில் எங்கள் மாகாணப் பக்கத்தைப் பார்த்த துணை ஆசிரியருக்கு 'மூத்திரம்' என்ற சொல் ஆகாது. பஸ் நிலையச் சுவரைப் பற்றி நான் எழுதிய செய்தியில் அதைச் 'சிறுநீர்' ஆக்கினார். மறுநாள் யோசித்து 'உடற்கழிவு நீர்' ஆக்கினார். அச்சில் வந்தபோது, மாத்தளை பஸ் நிலையத்தின் மேற்குச் சுவர் 'பொதுமக்களின் பொறுப்பற்ற நீரினால்' பாதிக்கப்பட்டிருந்தது. நகரசபை தண்ணீர்க் குழாய் திருத்த ஆள் அனுப்பியது.

அந்த மனிதர் கொட்டிலில் என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. நிஸார் நானா எல்லாவற்றையும் பெயர் சொல்லித்தான் பேசினார்.

அட்டை பார்த்து எடுத்தது

நானா எல்லோரிடமும் வாங்கவில்லை. தரம் பார்த்தார். கராம்பு இலையிலும் காய்ந்தது வேறு, பச்சை வேறு என்று பிரிக்கிறவர் அவர். தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ப் பெண்களின் கிளினிக் அட்டைகளைக் கேட்டு வாங்கி, இரத்தத்தின் அளவு எழுதிய இடத்தைப் பார்த்தார். குறைய இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்.

அதுவரை அந்த இலக்கம் அவர்களுக்குக் கிளினிக்கில் வசவு வாங்கித் தந்த இலக்கம். இப்போது அதற்கு ஒரு மதிப்பு வந்தது.

"எனக்கு ஏழுங்க மொதலாளி" என்றார் செல்வமணி அக்கா.

"ஏழா! மாஷா அல்லாஹ்."

பாக்கியம் என்றொரு பெண். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எப்போதும் முதலாவதாக நிற்பவர், நல்ல ஆரோக்கியம். அவரும் ஒரு போத்தலோடு வந்தார். நானா அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒங்கட வேணாம் தங்கச்சி. ஒங்களுக்கு ரத்தம் ஈக்கி."

"ரத்தம் இருக்கிறது ஒரு குத்தமாங்க? எம் மகனுக்கும் டீச்சர்தான் படிச்சுக் குடுத்தாங்க."

"குத்தம் இல்ல. ஆனா சரக்கு இல்ல."

பாக்கியம் அழுதுவிட்டார். செல்வமணி அக்கா சமாதானம் சொன்னார்: "விடு புள்ள. கொஞ்ச நாள் சாப்பிடாம இரு, ஒனக்கும் கொறையும்."

இது வேடிக்கைக்காகச் சொன்னதல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. லயத்தில் யாரும் கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரைகளை விழுங்கவில்லை. விழுங்கினால் இரத்தம் ஊறும். இரத்தம் ஊறினால் டீச்சருக்கு மருந்து குறைந்துவிடும். மாத்திரைகள் கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் பத்திரமாக இருந்தன.

மௌலவி வாங்கிய போத்தல்

நானா மார்க்கப் பற்றுள்ளவர். சிறுநீர் அசுத்தம். உடுப்பில் பட்டால் தொழ முடியாது. அதிலிருந்து எடுத்ததை மனைவியின் உடம்புக்குள் ஏற்றலாமா என்று கேட்கப் பள்ளிவாசல் மௌலவியிடம் போனார். என்னையும் சாட்சிக்குக் கூட்டிப்போனார்.

மௌலவி நிதானமான மனிதர். முழுவதையும் கேட்டார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"ஒரு உயிரக் காப்பாத்த வேற வழியே இல்லாட்டி, மார்க்கத்தில அதுக்கு எடம் ஈக்கி" என்றார். "ஆனா இது மருந்துதானா இல்லையான்டு செல்ல வேண்டியது நான் இல்ல. டொக்டர்ட்ட கேட்டீங்களா?"

"எடம் ஈக்கி. அவ்வளவும் போதும் ஹஸ்ரத்" என்று நானா எழுந்துவிட்டார்.

"இரிங்க. அந்தப் பானையிலதான் பொறகு கராம்பெண்ணெ வடிப்பீங்களா?"

"கழுவிப்போட்டுத்தான்."

மௌலவி சற்று நேரம் தாடியைத் தடவினார். பிறகு எங்களோடு கொட்டில்வரை நடந்து வந்து, ஏற்கனவே வடித்து வைத்திருந்த எண்ணெயில் ஒரு பெரிய போத்தலை எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் யாருக்கும் பல்வலி இல்லை என்றும் முன்னேற்பாடாக எடுப்பதாகவும் சொன்னார்.

மிதக்குமா, தாழுமா

பானையை ஏற்றிய அன்று செல்வமணி அக்காவும் லயத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். தங்கள் பொருள் மருந்தாவதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை. பாக்கியமும் வந்து விறகு தள்ளினார். சாதிக்காயும் சிறிதளவு கராம்பும் வடிக்க வைத்திருந்த சின்னச் செம்புப் பானைதான் அடுப்பில் இருந்தது.

மணம் வந்தது. நான் பல தீ விபத்துகளையும் ஒரு தோல் பதனிடும் இடத்தையும் செய்திக்காகப் பார்த்தவன். இது வேறு. கராம்பும் சாதிக்காயும் பல காலமாக ஊறிய செம்பு, உள்ளே போனதற்குத் தன் வாசனையையும் சேர்த்துக் கொடுத்தது. பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். ரயில் பாதையில் நடந்து போனவர்கள் திரும்பி வேறு வழியால் போனார்கள்.

குழாயின் மறுமுனையில் தெளிந்த நீர் சொட்டியது. நானா கண்ணாடிச் சாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"தம்பி, கராம்பெண்ணெ தண்ணிக்கு அடியில நிக்கும். சாதிக்காயெண்ணெ மேல மிதக்கும். இந்த ஓமோன் மிதக்குமா, தாழுமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதுதான் என் தொழில். டொக்டருக்குத் தொலைபேசி எடுத்துக் கேள்வியை அப்படியே ஒப்பித்தேன்.

"நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?" என்றார்.

சொன்னேன். முதலில் அதை யாருக்கும் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு விளக்கினார். அந்த ஓமோன் எண்ணெய் மாதிரி ஆவியோடு ஏறி வராது. பானையின் அடியிலேயே கிடந்து கெட்டுப்போகும். ஒரு பெட்ரோல் பௌசர் லொறி நிறையச் சேர்த்தாலும் கிடைப்பது ஓர் உப்புக்கல் அளவுக்கும் குறைவு. அதையும் பெரிய ஆய்வுகூடத்தில், பல கட்டமாக, குளிரில் வைத்துப் பிரிக்க வேண்டும்.

நான் ஒவ்வொரு வாக்கியமாக நானாவுக்குச் சொன்னேன். 'பௌசர்' வரும்வரை அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். 'குளிரில்' என்றதும் அடுப்பைப் பார்த்தார். வடிப்பவன் வாழ்க்கையில் குளிர் என்பது கடைசியில் வருவது. முதலில் நெருப்புத்தான்.

"அப்ப நான் அவளுக்கு ஒண்டும் செய்யல்ல" என்றார். விறகை வெளியே இழுக்கக் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கிளினிக் மிஸ் வந்து சேர்ந்தார். தோட்டத்துப் பெண்களைப் பராமரிக்கும் அரசாங்க மருத்துவிச்சி. சிங்களப் பெண்மணி, தமிழ் சரளம், கோபம் வந்தால் இன்னும் சரளம். கூரையிலிருந்து எடுத்த மாத்திரைப் பொட்டலங்கள் அவர் கைப்பையில் இருந்தன.

"நான் குடிங்க குடிங்கன்னு தொண்ட கிழியக் கத்துறேன். நீங்க மாத்திரைய எலிக்குக் குடுத்துட்டு, மூத்திரத்த முதலாளிக்குக் குடுக்கிறீங்களா?"

மிஸ் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு அடுத்த வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் வீட்டுப் பக்கத்திலிருந்து ஹபீபா டீச்சர் வந்தார்.

வீட்டுக்கும் கொட்டிலுக்கும் இடையில் முற்றம் மட்டும்தான். அதைக் கடக்க அவர் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவையும், கிணற்றுக்கட்டில் ஒரு தடவையும் நின்றார். இலை மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து மூச்சை வாங்கிக்கொண்டார். உதடுகள் வெளிறியிருந்தன. பிறகு வரிசையாக நின்ற கேன்களைப் பார்த்தார்.

"இவ்வளவுமா?"

"ஒங்களுக்குத்தாங்க டீச்சர்" என்றார் செல்வமணி அக்கா.

"ஒரு நாளையிலயா?"

"ரெண்டு மூணு நாளா, எல்லாருமா சேந்து."

டீச்சர் உடம்பிலிருந்து சிறுநீர் போவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. தண்ணீரும் அளந்துதான் குடிப்பார். அவர் கேன்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை இன்னொரு முறை பார்த்தார்.

"அல்லாஹ்ட அருள்" என்றார். "அவ்வளவையும் அடுப்பில ஊத்தப் போனாரே இந்த மனிசன்."

முதலில் சிரித்தது அவர்தான். சிரிப்பு மூச்சைப் பிடித்துவிட, மிஸ் ஓடிப்போய் முதுகைத் தாங்கினார். மூச்சு வந்ததும் அவர் குரல் வகுப்பறைக் குரலாகியிருந்தது.

"மாத்திர குடிக்காதவங்க எல்லாரும் கையத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பாக்கியத்தின் கையும்.

"இண்டைக்கு இருந்து குடிக்கணும். மிஸ்ஸுக்கு முன்னால."

"குடிக்கிறோங்க. அப்ப ஒங்களுக்கு என்னாங்க டீச்சர் செய்றது?" என்றார் செல்வமணி அக்கா. "அந்த ஊசி கடையில விக்கிற சாமானுங்களா?"

"இந்தியாவில கடையில விக்கிறாங்க. இங்கதான் இல்ல" என்றார் மிஸ்.

"இந்தியாவிலயா? எங்க நாத்தனா மகன் சேல யாவாரத்துக்கு மெட்ராஸுக்குப் போய்ப் போய் வாறானே. பேர எழுதிக் குடுத்தா வாங்கியாருவான்."

நிஸார் நானா எழுந்து நின்றார். கரி படிந்த கையால் நெற்றியைப் பிடித்தார். "இத ஏன் முன்னுக்கே செல்லல்ல?"

"நீங்க மூத்திரந்தானே மொதலாளி கேட்டீங்க."

முடிவு முதலில்

முடிவை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விவரம் எழுதுவது பத்திரிகைப் பழக்கம். ஆகவே: டீச்சருக்கு யாருடைய இரத்தத்தையும் ஏற்ற வேண்டி வரவில்லை. தம்பியின் சிறுநீரகத்தை அவருடைய உடம்பு ஏற்றுக்கொண்டது. இனி விவரம்.

டொக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். நாத்தனார் மகன் போனான். ஊசி மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும் என்று நானா அவனுக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னார். 'குளிர்' என்ற சொல்லை அவர் அந்த வாரம் புதிதாகக் கற்றிருந்தார். விமானம் தாமதமானது. பஸ்ஸுக்கு டீசல் இல்லாமல் வழியில் நின்றது. டீச்சரின் இரத்தம் இனியும் இறங்கினால் காத்திருக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்ட நாளின் காலையில், அவன் ஒரு சோற்று பிளாஸ்கோடு வைத்தியசாலை வாசலில் இறங்கினான். அதைச் சுற்றி ஏழெட்டுச் சேலைகள். உள்ளே ஐஸ் பாதிக்கு மேல் கரையாமல் இருந்தது.

டொக்டர் சின்னக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். திகதியைப் பார்த்தார். சரி என்றார்.

நானா கட்டிலின் கால்மாட்டில் என்னோடு நின்றார். வடிப்பவரின் ஆர்வம் அவரை விடவில்லை.

"டொக்டர், இது எந்த ஊர் ஆக்கள்ட?"

"எது?"

"மூத்திரம்."

டொக்டர் சிரித்தார். "அது அந்தக் காலத்துக் கதைன்னு அன்னைக்கே சொன்னேனே, நீங்க எழும்பிப் போயிட்டீங்க. இப்ப ஒருத்தரோடதும் இல்ல. ஹாம்ஸ்டர்னு ஒரு சின்னப் பிராணி இருக்கு. அதோட சூலகத்தில இருந்து ஒரு காலத்தில எடுத்த உயிரணுக்கள ஆய்வுகூடத்தில வளர்த்து, அதுக்குள்ள மனுஷரோட மரபணுவ வச்சு, அதைக்கொண்டு இந்த ஓமோன செய்ய வைக்கிறாங்க."

"ஹாம்ஸ்டர் எண்டா?"

"எலி மாதிரி."

"எலியா?"

"எலிக்குச் சொந்தம்."

நாங்கள் இருவரும் மௌலவியிடம் போனதை நினைவுபடுத்துவதுபோல நானா என்னைப் பார்த்தார். மூத்திரத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார். எலிக்கு வாங்கவில்லை. "ஒரு நிமிஷம் டொக்டர், ஹஸ்ரத்துக்கு ஒரு கோல் எடுத்துட்டு வாறன்" என்று தொலைபேசியோடு விறாந்தைக்குப் போனார்.

ஹபீபா டீச்சர் கதவைப் பார்த்தார். டொக்டரைப் பார்த்தார். சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

"அவர் வரமுந்திக் குத்துங்க டொக்டர்."

"நிச்சயமா?"

"ஹஸ்ரத் ஏலும் எண்டுதான் செல்லுவாரு. அதுக்கு எங்கட மனிசன் பத்துக் கேள்வி கேப்பாரு. குத்துங்க."

ஊசி மெல்லியது. டீச்சர் முகம் சுளிக்கவில்லை. டொக்டர் பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னார்.

விறாந்தையில் நானா நடந்த சத்தம் கேட்டது. பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"போன் வேல செய்யிதில்ல. கொஞ்சம் பொறுங்க, வெளிய போய் எடுத்துப் பாக்கிறன்."

"நான் பொறுத்தாச்சி" என்றார் டீச்சர், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே. "வாங்க, வீட்டுக்குப் போவோம்."